செல்லுபடியாகும் தேதி

சென்னை ஆபீசிலிருந்து காலையில் ஒரு கேள்வி வந்திருந்தது.
தொழிலாளிக்குப் பாதுகாப்புப் பயிற்சியை
எத்தனை மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?
ஒரே வரியில் பதில் தேவை. மாலைக்குள்.

அட்டையில் அச்சடித்திருப்பது இரண்டு வருடம்.
நீல அட்டை. லேமினேஷன் ஓரம் பிரிந்து
உள்ளே சிமெண்டுத் தூள் புகுந்துவிடும்.
எத்திராஜுடையதில் அவன் முகத்தையே காணோம்,
தேதி மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நான் வேறொரு கணக்கு வைத்திருக்கிறேன்,
சத்துவாச்சாரி சைட், ஒன்பது மாடி,
டைரியின் கடைசிப் பக்கங்களில், பென்சிலில்.
பயிற்சி முடிந்த மறுநாள்
கொக்கி மாட்டியவர்கள் நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று.
ஆறாம் நாள் முப்பத்திரண்டு.
பிறகு சம்பளம், பிறகு ஞாயிறு,
திங்கட்கிழமை எண்ணியபோது பதினேழு.
அப்புறம் ஒருநாள் தொரப்பாடிப் பக்கம்
வேறு யாருடைய சைட்டிலோ ஒருத்தன் விழுந்தான் என்று
டீக்கடைக்குச் சேதி வந்தது.
அன்று சாயங்காலம் மறுபடி நாற்பத்தொன்று.
யாரும் வகுப்பெடுக்கவில்லை.
விழுந்தவன் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.
அந்தப் பயம் ஒன்பது நாள் தாங்கியது.

இதில் அக்னி நட்சத்திரம் வேறு.
பாலாற்று மணலைத் தொட்டு வரும் காற்றில்
ஹெல்மெட் என்பது தலையில் கவிழ்த்த உலைப்பானை.
பதினொரு மணிக்கு மேலும் ஒருத்தன் அதைக் கழற்றவில்லையென்றால்
ஆள் புதுசு,
அல்லது நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
சுரேந்தர் மாஞ்சியின் ஹெல்மெட்டில்
போன வாரம் முழுக்க வெங்காயம் இருந்தது.

அன்று மதியம் மூன்று மணிக்கு
ஏழாம் மாடிச் சாரத்தில் எத்திராஜ்
கொக்கி மாட்டாமல் பூசிக்கொண்டிருந்தான்.
கீழேயிருந்து கத்தினேன். காற்று வாங்கிக்கொண்டு போனது.
ஏறினேன்.
கோபம் இருக்கும்போது ஏணி குட்டை.
பலகையில் நின்றபடி
அவன் கடன், அவன் பிள்ளைகளின் படிப்பு,
காட்பாடிப் பாலத்தில் அவன் வண்டி ஓட்டும் லட்சணம்,
எல்லாவற்றையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தபோது
கலவைச் சட்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல்:

"சார், உன் கொக்கி இன்னா தொங்கிகினு கீது?"

செல்லியம்மா.
முந்தாநாள் வேலைக்குச் சேர்ந்தவள்.
காலை ஏழு மணி வகுப்பில் கடைசி வரிசை.
பதிவேட்டில் வைத்த கைநாட்டு மை
கட்டைவிரலில் இன்னும் அப்படியே இருந்தது.

குனிந்தேன்.
என் இடுப்பிலிருந்து கயிறு
எதையும் பிடிக்காமல், மாட்டு வாலைப் போல
ஆடிக்கொண்டிருந்தது.
அதற்கும் கீழே, ரொம்பச் சின்னதாக,
செங்கல் லாரி. அதன்மேல் ஒரு காகம்.
காகத்தின் முதுகைப் பார்க்கும் உயரத்தில் நிற்கிறேன் என்பது
அப்போதுதான் உறைத்தது.

பதினாலு வருஷம். மூன்று சான்றிதழ்.
ஒன்று வீட்டில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்து ஆணியில்,
அடுத்த மார்ச் வரை செல்லும்.

எத்திராஜ் சிரிக்கவில்லை.
நகர்ந்து, குழாயில் இடம் காட்டினான்.
டக்.
கொஞ்சம் பொறுத்து
அவனுடையதும், டக்.
செல்லியம்மா அதற்குள் இறங்கிவிட்டாள்.
நின்றால் கலவை இறுகிவிடும் அவளுக்கு.

ஐந்தரைக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.
பால் எத்தனை நேரம் தாங்கும் என்று கேட்டால்
எந்த வெயிலில் என்று திருப்பிக் கேட்பாள் என் மனைவி.
அப்படியெல்லாம் எழுத முடியாது,
கட்டம் சின்னது, எண் மட்டும்தான் ஏற்கும்.
ஒன்று என்று போட்டேன்.
ஒரு மாதம்.
அனுப்பியபிறகு அதுவே அதிகமாகத் தெரிந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பதிவேட்டில்
செல்லியம்மாவின் ரேகைக்குக் கீழே,
கலந்துகொண்டவர்கள் வரிசையில்,
நாற்பத்து மூன்றாவதாக என் கையெழுத்து.
பயிற்சி அளித்தவர் என்ற இடத்தில்
யார் பெயரை எழுதுவது என்று பேனாவோடு நிற்கையில்
சிமெண்டு லாரி வந்து ஹாரன் அடித்தது.